பனிக்கண்டத்துக்குப் பட்டா கேட்ட சங்கிலி

கல் நடாத எதையும் நம்பாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் அரியலூர் சர்வே ஆபீஸில் அளவுச் சங்கிலி பிடித்தவர். பெயரை யாரும் கேட்டதில்லை. ஊருக்கே அவர் சங்கிலிதான்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அந்த ஆபீஸுக்கு எதிரே டீக்கடை போட்டு, முப்பது வயதுக்குள் ஆண்டிமடத்தில் முந்திரித் தோப்பு வாங்கியவன். என்னையே குழப்பிய ஆள் அவர்.

எண்பதுகளின் தொடக்கம். நம் நாட்டு விஞ்ஞானிகள் கப்பலில் தென் துருவத்துப் பனிக்கண்டத்துக்குப் போய்வந்த சமயம். கடை ரேடியோவில் ஒருவர் பேசினார்: செயற்கைக்கோளிலிருந்து ரேடார் அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்தே அந்தக் கண்டத்தைப் படம் போடலாமாம். மேகம் மறைத்தாலும் தெரியுமாம்.

சங்கிலி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கால வெக்காம எப்புடி தம்பி அளப்பான்?"

"மேலேருந்து அலைய அனுப்புவானாம்ண்ணே. அது திரும்பி வருமாம்."

"சரி. மூலைக்கல்லு?"

"அங்க பூராவும் பனிண்ணே. அதுவும் நகந்துகிட்டே இருக்குமாம்."

"நெலமே நகருதா! அப்ப பட்டா யாரு பேர்ல?"

"ஆளே கெடையாதுண்ணே."

"ஆளே இல்லாத ஊர எந்தப் பங்காளிச் சண்டைக்கு அளக்குறானுவோ?"

குழம்பிப்போய் அடுத்த டீயில் சர்க்கரை போடவே மறந்தேன்.

அந்த மாதமே எனக்குச் சோதனை. நான் வெட்டிய புதுக் கிணறு தன் நிலத்தில் இருக்கிறது என்றார் பக்கத்துத் தோப்புக் கலியமூர்த்தி. தீர்ப்புச் சொல்ல வேண்டிய மூலைக்கல்லோ சருகுக்கும் மண்ணுக்கும் அடியில் எங்கோ கிடந்தது. கிணறு கைவிட்டுப் போனால் கன்றுகள் கருகிவிடும். சங்கிலியைக் கையோடு கூட்டிவந்தேன்.

"பனி மூடுனா என்ன, சருகு மூடுனா என்ன" என்று முணுமுணுத்தபடி, கடப்பாரையோடு முந்திரி மரத்தில் ஏறிவிட்டார்.

"அண்ணே, கல்லு கீழல்ல கெடக்கு!"

"மேலேருந்து அனுப்புனாத்தான் திரும்பி வரும். எட்டப் போ தம்பி."

கடப்பாரையைப் போட்டார். தொப்! காதைச் சாய்த்துக் கேட்டார். "மண்ணு. எடுத்துக் குடு."

அலை தானாகத் திரும்பும் என்றுதான் ரேடியோவில் சொன்னார்கள். இங்கே திருப்பிக் கொடுக்கும் வேலை தோப்பு முதலாளியான எனக்கு! கிளை மாறினார், மரம் மாறினார். தொப், தொப். வரப்பில் உட்கார்ந்திருந்த கலியமூர்த்தி, "ரெண்டு பேரும் எந்த ஊர அளக்குறீங்க?" என்றார்.

என் இடுப்பு கழன்றுவிடும் போல இருந்த நேரத்தில், டங்!

தோண்டினோம். மூலைக்கல்லேதான். அதிலிருந்து எல்லையின் மறுமுனைக் கல்லுக்குச் சங்கிலியை இழுத்தார். அது என் கிணற்றின் நட்டநடுவே போயிற்று.

"அண்ணே, மண்ணத் தள்ளி மூடிடுங்க" என்றேன் காதோடு.

அவர் முகத்தில் கோபமில்லை, குழப்பம்தான். "கல்லத் தேடத்தான தம்பி கூப்ட்ட?" என்றவர், திரும்பிக் குரல் கொடுத்தார்: "கலியமூர்த்தி, வாங்க! பாதிக் கெணறு ஒங்களுது!"

ஒரு வருஷம் அவரோடு நான் பேசவில்லை. அவர் பாட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனார். நானும் கலியமூர்த்தியும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இறைத்தோம். இரண்டு தோப்பும் பிழைத்தன.

அன்று கல்லைக் கண்டுபிடித்தது ரேடாரா, என் இடுப்பா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சங்கிலி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. தோப்பில் எல்லா வேலைக்கும் ஆள் வைத்திருக்கிறேன். அந்தக் கல்லைச் சுற்றிச் சருகைப் பெருக்கி, வருஷா வருஷம் வெள்ளை அடிப்பது மட்டும் நானேதான். மேலேயிருந்து பார்த்தால் தெரிய வேண்டுமல்லவா?