கோழி பூட்டோ?

இந்த மாரிக்குப் பனி அள்ளும் சவளைக் கையால் தொடுவதில்லை என்று சிற்றம்பலம் சபதம் எடுத்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் திரையை விலக்கினால் ஜெர்மனியின் லூடன்சைட் நகர் முழுக்க முழங்கால் அளவு பனி. மனிதருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. உடம்பு குளிர்ந்தது பிறகு.

உள்ளம் குளிரக் காரணம், போன மாசியில் வாங்கிக் கராஜில் நிறுத்தியிருந்த பனி தள்ளும் மெஷின். பெற்றோல் எஞ்சின். கயிற்றை இழுத்தால் உறுமும், பனியை அள்ளிப் பத்தடி தூரம் துப்பும். இந்த நாட்டில் வீட்டு வாசல் நடைபாதைப் பனியை வீட்டுக்காரர்தான் அகற்றவேண்டும். ஞாயிறு என்றால் ஒன்பது மணிக்கு முன். யாராவது வழுக்கி விழுந்தால் வீட்டுக்காரர் தலையில்தான் விடியும். சிற்றம்பலமோ தன் வாசல் போதாதென்று பக்கத்து வீட்டு பிரிங்மன் கிழவரின் வாசலையும் வலியப் பொறுப்பேற்றிருந்தார். எண்பது வயது, இடுப்பில் ஒப்பரேசன் செய்த மனிதர். அவர் இவருடைய பேச்சை நம்பித் தன் சவளைத் தூக்கி மகளுக்குக் கொடுத்துவிட்டார்.

ஏழரைக்குத் தொப்பி, கையுறை சகிதம் சிற்றம்பலம் புறப்பட்டார். கமலாம்பிகை வாசலில் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, கோடை முழுக்கச் சும்மா கிடந்த சாமான். அந்தப் புத்தகத்தை ஒருக்கால் பாத்திட்டுத் தொடுங்கோவன்."

"புத்தகம் பாத்து மெஷின் ஓட்டுறவன் மெக்கானிக்கே இல்லை."

"நீங்கள் எப்ப மெக்கானிக்?"

"யாழ்ப்பாணத்தில பெற்றோல் தடை நேரம் மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடினவன் நான். உமக்கு உது விளங்காது."

"ஓடினது உங்கட அண்ணை. நீங்கள் பின்னால இருந்தனீங்கள்."

"பின்னால இருந்தவனுக்குத்தான் எஞ்சின்ர சத்தம் வடிவாக் கேக்கும்."

கயிற்றை இழுத்தார். மெஷின் அசையவில்லை. பத்துத் தரம் இழுத்தார். இருபது தரம் இழுத்தார். கயிறு இழுத்ததும் அவர், மூச்சு இழுத்ததும் அவர். பிளக்கைக் கழற்றித் துடைத்தார், ஊதினார், அடுப்பில் சூடுகாட்டினார். கடைசியில் அண்ணன் செய்த வித்தை ஞாபகம் வந்தது. காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோலை விட்டுக் கயிற்றை இழுத்தார். எஞ்சின் இரண்டு தரம் இருமியது. சிற்றம்பலத்தின் முகம் மலர்வதற்குள் எஞ்சின் செத்துப்போனது.

இருமல் கேட்டு பிரிங்மன் வேலியோரம் வந்தார்.

"ஹெர் சிற்றம்பலம், இஸ்ற் டெர் ஹான் சூ?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். சிற்றம்பலம் இருபத்திரண்டு வருசம் கோழி பொரிக்கும் கடைக் குசினியில் நின்றவர். அவருடைய டொச், அதாவது ஜெர்மன் பாஷை, முழுவதும் அந்தக் குசினியில் பொரித்தெடுத்ததுதான். ஹான் என்றால் சேவல். சூ என்றால் பூட்டு. ஆக, கோழிக்கடை பூட்டோ என்று கிழவர் கேட்கிறார்.

"ஓம், ஞாயிறு பூட்டு. நாளைக்குத் திறப்பினம்," என்று டொச்சில் அன்பாகப் பதில் சொன்னார். "அரைக்கோழியும் உருளைக்கிழங்கும் வாங்குங்கோ. நல்லாயிருக்கும்."

பிரிங்மன் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு மெஷினைக் காட்டி, "டெர் ஹான்!" என்றார் பலமாக.

"பாவம் மனுசன்," சிற்றம்பலம் மனைவியிடம் சொன்னார். "வயசு போட்டுது. இந்தப் பனிக்கையும் கோழி நினைப்பு."

கமலாம்பிகை சிரிப்பு வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிரிங்மன் உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் குப்பை அள்ளும் தட்டு. ஒரு கையால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அந்தச் சின்னத் தட்டில் பனியை அள்ளி அள்ளி ஓரமாகப் போடத் தொடங்கினார். தெருவில் நாயோடு வந்த பெண் அவரைப் பார்த்தாள். பிறகு மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற சிற்றம்பலத்தைப் பார்த்தாள். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. மணி எட்டரை.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு குசினிக்குள் வந்தார்.

"கமலம், மானம் போகுது. சவள் எங்கை?"

"சவள் எதுக்கு? நான் மெஷினை ஓடப் பண்ணினா என்ன செய்வியள்?"

"நீரோ?"

"நான்தான்."

"நீர் ஓடப் பண்ணினா, நீர் காட்டுற இடத்தில கையெழுத்து வைக்கிறன்," என்றார் சிற்றம்பலம், வாய் சும்மா இருக்காமல்.

கமலாம்பிகை மேசை லாச்சியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தாள். பேனையும் தயாராக இருந்தது. மெஷினை விற்கப்போகிறாள் என்று அவர் நினைத்தார். விற்றுத் தொலைக்கட்டும். வாசிக்காமலே கையெழுத்தை வைத்துக் கொடுத்தார்.

வெளியே போன கமலாம்பிகை குனிந்து, பெற்றோல் தாங்கிக்கு அடியிலிருந்த ஒரு சின்னத் திருகை விரலால் திருப்பினாள். ஒரு நிமிசம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு கயிற்றை ஒரே ஒரு தரம் இழுத்தாள். மெஷின் உறுமிய உறுமலில் பிரிங்மன் தட்டைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார்.

"ஹான் எண்டா குழாய்த் திருகும்தான்," என்றாள். "பங்குனியில நான்தான் பூட்டி விட்டனான். நிப்பாட்டி வைக்கேக்கை அதைப் பூட்டச் சொல்லிப் புத்தகத்தில கிடக்கு."

"முதலே சொல்லியிருக்கலாமே?"

"மெக்கானிக்குக்கு ஆர் சொல்லுறது?"

இரண்டு வாசலையும் ஒன்பதுக்குள் துப்புரவாக்கியாயிற்று. பிரிங்மன் தொப்பியைத் தூக்கி நன்றி சொன்னார், கமலாம்பிகைக்கு. சிற்றம்பலம் கிழவரின் முகத்தைப் பார்க்காமலே உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றினார். காது வரை சிவந்திருந்ததற்குக் குளிர் மட்டும் காரணமில்லை.

"சரி, மெஷினை ஆருக்கு விக்கிறீர்?"

"மெஷினை ஏன் விக்கிறன்? அது நல்லா ஓடுது. நீங்கள் கையெழுத்து வைச்சது டொச் வகுப்புக்கு. ஆரம்பப் பிரிவு. செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு, தேவாலய மண்டபத்தில."

சிற்றம்பலம் துள்ளி எழுந்தார். "முப்பத்தி நாலு வருசமா இந்த நாட்டில இருக்கிறன். எனக்கு டொச் படிப்பிக்கிறதுக்கு அங்கை ஆர் இருக்கினம்?"

கமலாம்பிகை படிவத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"நான்தான். இந்தச் செவ்வாய்தான் தொடங்கிறன். பிந்தி வந்தா வாங்கில ஏத்தி நிக்க வைப்பன்."