அரண்மனை எரியட்டும், அவசரமில்லை

அவசரப்பட்டு உருப்பட்ட உயிரினம் எதுவும் இந்தப் பூமியில் கிடையாது. இந்த மாபெரும் உண்மையை மனிதகுலத்துக்கு எடுத்துக்காட்டுவதற்கென்றே நகராட்சி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ‘சிறுபாலங்கள் மற்றும் நடைபாலங்கள்’ பிரிவில், ஒரு சுழல்நாற்காலி பதினேழு ஆண்டுகளாகப் போடப்பட்டிருந்தது. அதில் அமர்ந்திருந்த கண்காணிப்பாளருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி ஆணையர் முதல் காவலாளி வரை எல்லாருக்கும் அவர் ‘சாவகாசம் சார்’தான். அது கேலிப்பெயர் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் பட்டமளிப்பு விழாவில் வாங்கிய பட்டம் மாதிரி அதைப் போற்றி வந்தார்.

பிறவியிலேயே இருந்த இந்த நிதானத்தை ஒரு தத்துவமாகவே உயர்த்தியது ஒரு வீடியோ கேம்.

மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பி, கைகால் கழுவி, காபி டம்ளரோடு டி.வி. முன்னால் உட்கார்ந்து கன்ட்ரோலரைக் கையில் எடுத்தால், அவர் கண்காணிப்பாளர் அல்ல. இடுப்பில் வாளும் தோளில் மூட்டையுமாக ஒரு ராஜ்ஜியத்தையே காக்கப் பிறந்த மாவீரர். மலை, காடு, ஆறு, சந்தை என்று கண்ணுக்கெட்டிய தூரம்வரை விரிந்துகிடக்கும் உலகம். எங்கு வேண்டுமானாலும் போகலாம், யாரோடு வேண்டுமானாலும் பேசலாம். ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடமே ஒரு தூதன் மூச்சிரைக்க ஓடிவந்து, “வீரரே! இருள்மன்னன் அரண்மனைக்குத் தீ வைத்துவிட்டான்! உடனே புறப்படுங்கள்!” என்று கதறுவான்.

சாவகாசம் சார் புறப்படவில்லை. பதினாறு மாதங்களாகப் புறப்படவில்லை.

அவருடைய மனைவியின் தம்பி இதே ஆட்டத்தைப் பதினொரு நாளில் முடித்து, இருள்மன்னனைக் கொன்று, முடிசூட்டிக்கொண்டு, அதை அழித்துவிட்டு வேறொரு ஆட்டத்துக்குப் போய்விட்டவன். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவன் திரையைப் பார்த்துத் திகைத்துப்போனான்.

“அத்தான், இன்னுமா முதல் ஊர்லயே இருக்கீங்க?”

“இந்த ஊர்ல இன்னும் ஏழு வீட்டுக்காரங்ககிட்ட நான் பேசல.”

“குதிரை குடுத்திருப்பாங்களே? ஏன் நடந்து போறீங்க?”

“அதுக்குக் களைக்கும்ல? பக்கத்துல நடத்திக் கூட்டிட்டுப் போறேன்.”

“அங்க அரண்மனை எரியுது அத்தான்!”

“எரியட்டும். பதினாறு மாசமா எரியுது, ஒரு தூணாவது சாஞ்சிருக்கா, சொல்லு?”

மைத்துனன் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஏனென்றால் அது உண்மை. அந்த ஆட்டத்தில் நாம் போய்ச் சேரும்வரை அரண்மனை எரிந்துகொண்டே இருக்கும். எதிரி ஓங்கிய கத்தி ஓங்கியபடியே நிற்கும். உலகம் நமக்காகக் காத்திருக்கும். தூதன் ஊர் வாசலிலேயே நின்று, எப்போது பார்த்தாலும் அதே மூச்சிரைப்போடு அதே வாக்கியத்தைச் சொல்லுவான். சாவகாசம் சாரும் ஒவ்வொரு முறையும் நின்று, அதை முழுசாகக் கேட்டுவிட்டு, யாருடையதோ தொலைந்துபோன ஆட்டைத் தேடப் போய்விடுவார்.

“ஏங்க, சமையலறைக் குழாய் ஒழுகுது. மூணு மாசமா சொல்லிட்டிருக்கேன்” என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வரும்.

“இதோ, இந்த ஆட்டைக் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டு வந்துடறேன்.”

“யாரோட ஆடு?”

“பாவம், இடையர் ஒருத்தரோடது. அழுதுட்டு நிக்கறார்.”

“நானும் வேணும்னா அழட்டுமா?”

ஆட்டின் கழுத்து மணி எந்தப் பக்கம் கேட்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்ததால் இந்தக் கேள்வி அவரை எட்டவில்லை. அந்த அம்மாளே வாளியை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

இப்படி மாலைதோறும் ஈட்டிய ஞானத்தைத் தனக்கென்று பூட்டி வைத்துக்கொள்ளும் சுயநலக்காரரல்லர் அவர். மறுநாள் காலையில் அலுவலகத்துக்கும் கொண்டுவந்தார். சிவப்புச் சீட்டு ஒட்டி ‘அவசரம்’ என்று வரும் கோப்பு எதுவானாலும் ஜன்னலோர அலமாரியில் மரியாதையாக ஏற்றிவைப்பார். எரிகிற அரண்மனையே காத்திருக்கிறது. இது என்ன பிரமாதம்?

நகராட்சியின் நடைபாலங்களுக்கு மட்டும் இந்தத் தத்துவத்தை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

தையல்கடை அம்மா அந்தப் பிரிவுக்கு நான்கு ஆண்டுகளாக வருகிறவர். அவர் கடைக்கும் ஊருக்கும் நடுவே ஒரு வாய்க்கால். அதன்மேல் ஒரு பலகைப் பாலம். முதல் மனு கொடுத்தபோது இரண்டு பலகை போயிருந்தது. இப்போது பாலத்தில் பலகையைவிட ஓட்டைதான் அதிகம். துணி தைக்க வருகிறவர்கள் பாதியில் நின்று கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு, இருக்கிற சட்டையே போதும் என்று திரும்பிவிடுகிறார்கள். அவருடைய மகள் மட்டும் தினமும் பள்ளிக்கூடப் பையை மார்போடு கட்டிக்கொண்டு தாண்டித் தாண்டிப் போகிறாள். அவள் அக்கரை சேர்கிறவரை அம்மாவுக்கு ஊசியில் நூல் கோர்க்க வராது.

“சார், அந்தப் பாலம்...”

“வாங்கம்மா, உட்காருங்க. போன மனுவுல எத்தனை பலகைன்னு எழுதியிருந்தீங்க?”

“அஞ்சு சார். இப்ப எட்டு ஆயிடுச்சு.”

“பார்த்தீங்களா, எண்ணிக்கை மாறிப்போச்சு. பழைய மனு செல்லாது. புதுசா எழுதிக் குடுங்க.”

“அந்த மனு மேலிடத்துக்குப் போறதுக்குள்ள இன்னொண்ணு விழுந்துட்டா?”

“அதுக்குத்தான் சொல்றேன், அவசரப்படாதீங்கன்னு. எல்லாம் விழுந்து முடியட்டும். அப்புறம் எழுதினா எண்ணிக்கை மாறவே மாறாது.”

“என் பொண்ணு தினமும் அதுமேலதான் சார் போறா.”

“அடுத்த டோக்கன்!” என்றார் சாவகாசம் சார், மிகவும் கனிவாக.

இந்தச் சமயத்தில்தான் ஆணையர் ஒரு மலைவாசத்தலத்தில் மூன்று நாள் ‘நிதான வாழ்வியல்’ பயிற்சி முடித்துவிட்டு, முகத்தில் ஒரு தனிப் பொலிவோடு திரும்பினார். வேக வாழ்க்கைதான் எல்லா நோய்க்கும் காரணம் என்றும், உணவை முப்பத்திரண்டு முறை மெல்ல வேண்டும் என்றும் அங்கே கண்டுபிடித்திருந்தார்கள். உடனே ‘அவசரமின்மை வாரம்’ அறிவிக்கப்பட்டது. அதற்கான சுற்றறிக்கை ‘மிக மிக அவசரம்’ என்ற முத்திரையோடு எல்லாப் பிரிவுகளுக்கும் பறந்தது. நிதானத்தைக் கடைப்பிடிக்கும் முன்மாதிரி ஊழியரைப் பிரிவுக்கு ஒருவராக அனுப்ப வேண்டுமாம். மற்ற பிரிவுகளில் கடும் போட்டி நிலவியது. குடிநீர்ப் பிரிவில் வாக்கெடுப்பே நடந்தது. பாலங்கள் பிரிவில் ஒரு பெயரைத் தவிர இன்னொரு பெயர் யார் வாயிலும் வரவில்லை.

நிதானத்தை எங்கே கற்றார் என்று ஆணையர் கேட்க, சாவகாசம் சார் தன் வீடியோ கேமைச் சொல்ல, அதையே எல்லார் முன்னாலும் ஆடிக்காட்டும்படி உத்தரவாயிற்று. அந்தச் செயல்விளக்கத்துக்குத் தரைத்தளப் பொதுமக்கள் கூடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. நகரத்திலேயே எழுந்து போகாத கூட்டம் அங்கேதான் உண்டு. டோக்கன் எண் காட்டும் பெரிய திரையில் எண்கள் நிறுத்தப்பட்டு, ராஜ்ஜியம் தோன்றியது. எண்பது மனுதாரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். தையல்கடை அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தார்.

மாவீரர் குதிரையை நடத்திக்கொண்டு போனார். பூவைப் பார்த்து நின்றார். நாயைத் தடவிக்கொடுத்தார். அப்போது ஓர் உடைந்த பாலத்தின் பக்கத்தில் ஒரு குயவர் பானைகளோடு உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே, அந்தரத்தில், மஞ்சள் நிறத்தில் ஓர் ஆச்சரியக்குறி மின்னியது. மாவீரர் உடனே திரும்பினார். குயவர் தன் கதையை ஆதியோடந்தமாக ஐந்து நிமிடம் சொன்னார். கதையைத் தாண்டிப் போக ஒரு பொத்தான் இருக்கிறது. சாவகாசம் சாரின் கட்டைவிரல் அந்தப் பக்கம்கூடப் போகவில்லை. பிறகு காட்டுக்கு நடந்து, மரம் வெட்டி, வழியில் ஓநாயிடம் கடிபட்டு, பன்னிரண்டு பலகை சுமந்து வந்து, ஒவ்வொன்றாக ஆணி அடித்துப் பாலத்தைக் கட்டி முடித்தார். மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். குயவர் பானைகளோடு அக்கரைக்குப் போனார்.

கூடமே கைதட்டியது. ஆணையரின் கண் கலங்கிவிட்டது. “இதுதான்! ஒரு எளிய மனுஷனோட குறையைக் காது குடுத்துக் கேக்கறது! இதை நாம எல்லாரும் கத்துக்கணும். பொதுமக்கள் யாராவது ஏதாவது கேக்கணும்னா கேக்கலாம்.”

தையல்கடை அம்மா எழுந்தார். “சார், அந்தப் பானைக்காரர் மனு குடுத்திருந்தாரா?”

“இல்லம்மா. அங்கல்லாம் மனு தேவையில்ல” என்று புன்னகைத்தார் சாவகாசம் சார்.

“அப்ப அவருக்குக் குறை இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“தலைக்கு மேல மஞ்சளா நின்னுதே, பார்க்கலியா? அது இருந்தா அவருக்கு ஏதோ கஷ்டம்னு அர்த்தம். பார்த்ததும் போய் என்னன்னு கேட்டுடணும். கேக்காம தாண்டிப் போக எனக்கு மனசு வராதும்மா.”

அந்த அம்மா கூடத்திலிருந்த தலைகளை வரிசையாக ஒருமுறை பார்த்தார். “ஓ... எங்க தலையில அது இல்ல. இது தெரியாம நாலு வருஷமா மனு எழுதிட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ‘பொதுமக்கள் பங்கேற்பு: மிகச் சிறப்பு’ என்று ஆணையரின் உதவியாளர் குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை பத்தரை மணி. சாவகாசம் சார் ஒரு கோப்பின் கயிற்றை அவிழ்ப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கதவருகே ஏதோ மஞ்சளாக அசைந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

தையல்கடை அம்மா நின்றுகொண்டிருந்தார். தலையில் ஒரு பட்டை. பட்டையிலிருந்து எழும்பிய கம்பி. கம்பியின் நுனியில், மஞ்சள் சாட்டின் துணியில் பஞ்சு அடைத்து, ஓரம் சுருங்காமல் நேர்த்தியாகத் தைத்த முழ நீள ஆச்சரியக்குறி. ஜன்னல் காற்றில் அது மெல்ல ஆடியது, திரையில் ஆடுவது போலவே.

சாவகாசம் சாரின் வலது கட்டைவிரல் தானாக அசைந்தது. அடுத்த கணம், பதினேழு ஆண்டு வரலாற்றில் முதன்முறையாகச் சாப்பாட்டு வேளைக்கு முன்னால் அந்தச் சுழல்நாற்காலி காலியானது. பக்கத்து மேசை எழுத்தர் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

“என்னம்மா, என்ன கஷ்டம் உங்களுக்கு?” என்றார் சாவகாசம் சார், கம்பியின் நுனியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மா முதலிலிருந்து சொன்னார். பலகை, தண்ணீர், திரும்பிப் போகும் வாடிக்கையாளர்கள், மார்போடு கட்டிய பை, கோர்க்க முடியாத நூல் என்று இருபது நிமிடம். அவர் ஒரு வார்த்தை குறுக்கிடவில்லை. நான்கு ஆண்டுகளில் அந்தக் கதையை இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறார் என்பது அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்த அம்மாவுக்கே ஒரு கணம் அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது.

“எத்தனை பலகை வேணும்?”

“ஒன்பது சார். நேத்து நீங்க ஆடிட்டிருந்தப்ப ஒண்ணு போச்சு.”

“சரி. இங்க பக்கத்துல காடு எங்க இருக்கு?”

எழுத்தர் தொண்டையைக் கனைத்தார். “காடு எதுக்கு சார்? கீழே ஸ்டோர் ரூம்லயே பலகை இருக்கு. அந்தப் பாலத்துக்குன்னே வாங்கினது. மூணு வருஷமா அதுமேல உட்கார்ந்துதான் நாங்க மத்தியானம் சாப்பிடறோம்.”

பலகைகள் அலுவலக வண்டியில் ஏறின. சாப்பிட இடமில்லாமல் போன இரண்டு ஊழியர்களும் சுத்தியலோடு கூடவே ஏறினார்கள். வழியில் ஓநாய் எதுவும் வரவில்லை. ஒரு தெருநாய் குரைத்தது. சாவகாசம் சார் அதற்கு உரிய மரியாதையோடு ஒதுங்கி நின்று வழிவிட்டார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, முதல் ஆணியைத் தன் கட்டைவிரல்மேலும் மற்ற ஆணிகளைப் பலகைமேலும் அடித்தார். மூன்றரை மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. நான்கு மணிக்குப் பள்ளி விட்டு வந்த மகள் பழக்கதோஷத்தில் முதல் பலகையிலிருந்து ஒரு தாவு தாவினாள். பிறகு நின்று காலடியைப் பார்த்துவிட்டு, பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்து வந்தாள். கடை வாசலில் நின்ற அம்மா சத்தமாகச் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். ஊழியர்கள் கைதட்டினார்கள்.

எல்லாரும் வண்டியில் ஏறிவிட்டார்கள். சாவகாசம் சார் மட்டும் பாலத்தின் நடுவில் சுத்தியலோடு நின்றுகொண்டேயிருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார், ஆகாயத்தைப் பார்த்தார், மறுபடி அம்மாவைப் பார்த்தார்.

“என்ன சார், ஏதாவது விட்டுப்போச்சா?”

“இல்லம்மா... வேலை முடிஞ்சா ‘டிங்’னு ஒரு மணி அடிக்கும். அப்புறம் பரிசு மாதிரி ஏதாவது வரும். அதான் வழக்கம்.”

யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. சாவகாசம் சாரின் கை சுத்தம். பதினேழு ஆண்டுகளில் அந்தக் கை எதையுமே தொட்டதில்லை, கோப்புகள் உட்பட. அவர் கேட்டது ஒரு வீரருக்கு நியாயமாக வர வேண்டியதைத்தான்.

தையல்கடை அம்மா தலையிலிருந்த பட்டையைக் கழற்றி, மஞ்சள் குறியைக் கசங்காமல் மடித்தார்.

“பரிசுதான் மாசா மாசம் ஒண்ணாம் தேதி உங்களுக்கு வந்துட்டிருக்கே சார். வேலைதான் எங்களுக்கு இன்னிக்கு வந்திருக்கு.”