எனக்குக் காவல் சில்வெரியோ

துமகெத்தே,
செவ்வாய்க்கிழமை காலை

மணிலாவில் இருக்கும் மதிப்பிற்குரிய அக்கா பெர்பெத்துவாவுக்குத் தம்பி நெமேசியோ பணிவுடன் எழுதிக்கொண்டது. நான் நலமாக இல்லை. நீயும் உன் முழங்காலும் நலம்தானே?

குடியை விட்டு இன்றோடு எழுபத்தோரு நாள். நீ பிடிவாதமாகச் சொன்னபடியே இரண்டு வைத்தியமும் நடக்கிறது. செவ்வாய்க்கிழமை மனநல ஆலோசகர் அப்ரெனிக்கா அம்மா, வியாழக்கிழமை குடியை விட்டவர்கள் கூட்டம். ஒன்று மட்டும் போதாதாம், இரண்டும் சேர்ந்தால்தான் பலிக்குமாம். எனக்கு இரண்டுமே பயம். அந்த அம்மா "எப்பல்லாம் குடிக்கத் தோணுது?" என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். போலீஸ்காரனே தேவலை, இரண்டு போட்டு அனுப்பிவிடுவான். கூட்டம் அதைவிட மோசம். முதல் நாள் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்தோம். நடுவில் ஒரு ஜாடி எலுமிச்சைச் சாறு, தம்ளர் ஒன்றே ஒன்று. நம்மூர் ஆம்பிளைகளை வட்டமாக உட்காரவைத்து ஒற்றைத் தம்ளரைக் கொடுத்தால் என்ன ஆகும்? சில்வெரியோ ஜாடியை எடுத்தான், ரம் சுற்றும்போது செய்வதுபோலவே முதல் சொட்டைப் பிசாசுக்கென்று தரையில் சிந்தினான், ஊற்றினான். ஒவ்வொருவராக ஒரே மூச்சில் கவிழ்த்து, முகத்தைச் சுளித்து, தம்ளரை அவனிடமே திருப்பிக் கொடுத்தோம். மூன்றாம் சுற்றில் ஒருவன் அழுதுகொண்டே பாட ஆரம்பித்துவிட்டான். அப்ரெனிக்கா அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்த சில்வெரியோ என்பாய். அவனேதான், இருபது வருஷம் எனக்கு ரம் ஊற்றிக் கொடுத்தவன். அவன் விட்டு நூறு நாள் ஆகிவிட்டதாம், அதனால் அவனை எனக்குத் துணையாகப் போட்டிருக்கிறார்கள். பாலுக்குப் பூனை காவல்! தினம் ஆறு தடவை போன் செய்கிறான்.

"அண்ணே, குடிக்கணும்னு இருக்கா?"

"இல்லடா."

"இப்ப?"

அவன் கேட்கும்வரை இல்லை, அக்கா.

வரும் ஞாயிற்றுக்கிழமை என் பேத்திக்கு ஞானஸ்நானம். மகள் மரிவிக் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்: "அப்பா, ஒரு வாய் குடிச்சாலும் பிள்ளையத் தொடக் கூடாது." முழுப் பன்றி சுடுகிற விருந்தில் தம்ளர் சுற்றாமல் இருக்குமா? வேண்டாம் என்றால் சம்பந்தி, "எங்களை மதிக்கலையா?" என்பார். ஆகவே தயவுசெய்து மரிவிக்குக்குப் போன் செய்து, உனக்கு நெஞ்சுவலி, தம்பி உடனே மணிலா வரவேண்டும் என்று சொல்லிவிடு. பிள்ளையைத் தூக்காவிட்டாலும் குடிக்காத தாத்தாவாக இருந்துவிட்டுப் போகிறேன்.

உன் முழங்காலுக்காக மெழுகுவத்தி ஏற்றும்,
தம்பி நெமேசியோ

பின்குறிப்பு: நெஞ்சுவலி வேண்டாம். உறையை ஒட்டும்போது சில்வெரியோ வந்தான். சட்டைக்குள் ரம் பாட்டில், மூடி திறக்கவில்லை. "தனியா இருக்கப் பயமா இருக்குண்ணே. நான் போன் பண்ணதெல்லாம் உங்களுக்காக இல்ல" என்று குழந்தைபோல் அழுகிறான். இவனை விட்டுவிட்டு மணிலாவுக்கு எப்படி வருவேன்? ஞாயிற்றுக்கிழமை இவனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேத்தியைத் தூக்கப்போகிறேன். இப்போது இருவரும் அப்ரெனிக்கா அம்மாவிடம் கிளம்புகிறோம். பாட்டிலைப் பையில் போட்டு, ஆளுக்கொரு காதாகப் பிடித்திருக்கிறோம். ஒருவனிடம் மட்டும் கொடுக்க இருவருக்குமே பயம்.