இரண்டு வீட்டுக்கு ஒரு நியூட்ரல்

அன்பில் குறையாத என் நாத்தனாருக்கு,

பெரிய அண்ணி எழுதுவது. உன் முழங்கால் வலி இறங்கியிருக்கும் என்றும், உன் வீட்டுக்காரர் இன்னமும் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடிக்கொண்டிருப்பார் என்றும் நம்புகிறேன். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். இங்கே நான் சுகம். உன் பெரிய அண்ணன் சுகமா என்பதை நீயே முடிவு செய்துகொள். "வீட்டில் தம்பி நடமாடுகிறான், விளக்கைப் போட்டு அணைக்கிறான், இனி இங்கே இருக்க முடியாது, படுக்கையைக் கட்டிக்கொண்டு உன்னிடம் வருகிறேன்" என்று உனக்கு எழுதியிருக்கிறாரே, அந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி என்னிடமே கொடுத்தார். ஒட்டாமல் கொடுத்தால் நான் படிக்காமல் என்ன செய்வேன்?

நடமாடுவது காலமான உன் சின்ன அண்ணன் இல்லை, மின்சாரம். இதை உனக்கு விளங்க வைப்பது சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். நான் உனக்கு அண்ணியாவதற்கு முன்பே உன் பௌதிக டீச்சர். 'மின்தடை என்றால் என்ன?' என்ற கேள்விக்கு 'சாயங்காலம் கரண்ட் போவது' என்று நீ எழுதிய விடைத்தாளைத் திருத்தியவள் நான்தான். அதற்கு அரை மார்க் போட்டேன், ஏனென்றால் அப்போது உன் அண்ணனை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். அதனால் இந்த முறையாவது கவனமாகப் படி.

வீட்டைப் பிரித்தபோது எல்லாவற்றையும் பிரித்தோம் என்பது உனக்குத் தெரியும். வாசல் இரண்டு, தண்ணீர்த் தொட்டி இரண்டு, மீட்டர் இரண்டு. நடுக்கதவை மட்டும் சுவர் வைத்து அடைக்க உன் சின்ன அண்ணன் சம்மதிக்கவில்லை. எனக்கும் தன் பெண்டாட்டிக்கும் நடுவே சேதி கொண்டுபோகத் தனக்கு ஒரு வழி வேண்டும் என்பார், பாவம், நல்ல மனுஷன். அவர் போய்ச் சேர்ந்த துக்கத்துக்கு வந்தவர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருக்க, உன் சின்ன அண்ணி சொன்னதை நீயும்தான் கேட்டாய்: "அக்கா ஆறுதல் சொன்னாக்கூட அதுல ரெண்டு மார்க் கேள்வி இருக்கும்." துக்கம் கேட்க வந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், நான் பார்த்தேன். அன்றைக்கே அவள் நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் போட்டாள், நான் இந்தப் பக்கம் இரும்பு பீரோவை நகர்த்தி வைத்தேன், அதோடு பேச்சு நின்றது. ஆனால் ஒயரிங் செய்தவன் ஒரு காரியம் செய்திருக்கிறான். மின்சாரம் உள்ளே வரும் கம்பியை இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாக, வேறு வேறு பேஸிலிருந்து இழுத்தவன், வேலையை முடித்துவிட்டு மின்னோட்டம் திரும்பிப் போகும் கம்பியை, நியூட்ரல் என்பார்களே, அதை மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக விட்டுவிட்டான். போன மாதம் அடித்த காற்றில் கம்பத்துப் பக்கம் அறுந்தது அந்தக் கம்பிதான்.

அன்று சாயங்காலம் நான் கூடத்து விளக்கைப் போட்டேன், எரியவில்லை. விசிறியும் நின்றுவிட்டது. எதிர்வீட்டில் எல்லாம் ஜெகஜோதியாக எரிகிறது. சரி, பியூஸ்தான் போய்விட்டது என்று நான் டார்ச் தேடிக்கொண்டிருக்கும்போது, யாரும் தொடாமலேயே விளக்கு எரிந்தது. மங்கலாக, செம்பு நிறத்தில், விழிக்க மனமில்லாதது மாதிரி எரிந்தது. விசிறி மெல்ல ஒரு சுற்று சுற்றியது. உன் அண்ணன் நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்து, "தம்பி, நீயாடா?" என்றார். விளக்கு உடனே பளீரென்று வெள்ளையாக எரிந்தது. அவ்வளவுதான், அவருக்கு வேறு சாட்சியே வேண்டியிருக்கவில்லை. "பாத்தியா, பதில் சொல்றான்!" என்றார். "பதிலும் இல்ல, பட்டாணியும் இல்ல, லூஸ் கனெக்‌ஷன்" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, சமையலறையில் நான் அணைக்காமல் விட்டிருந்த மிக்ஸி ஒரு கத்துக் கத்திப் புகைவிட்டு அடங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், நானும் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டேன்.

ஆனால் நான் டீச்சர் இல்லையா? உட்கார்ந்து காகிதத்தில் படம் போட்டதும் விளங்கிவிட்டது. திரும்பிப் போக வழியில்லாத மின்னோட்டம் எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, சுவரைத் தாண்டி, அவள் வீட்டு வழியாக அவளுடைய கம்பியில் போய்ச் சேர்கிறது. தொடர் இணைப்பு. இரண்டு வீட்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். அவள் எல்லாச் சுவிட்சையும் அணைத்தால் பாதை அறுந்துவிடும், நான் எத்தனை சுவிட்சைத் தட்டினாலும் இங்கே இருட்டுதான். அவள் ஒரு பல்பைப் போட்டால் என் வீட்டிலும் உயிர் வரும். அவள் வெந்நீர் ஹீட்டரைப் போட்டால் அவள் பக்கத்துத் தடை விழுந்து, வோல்டேஜ் முழுக்க என் தலையில் இறங்கும். தொடர் இணைப்பில் யாரிடம் தடை அதிகமோ அவருக்கே வோல்டேஜ் அதிகம், இதைத்தான் உனக்கு ஒரு வருஷம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். மிக்ஸி செத்தது அவள் குளிக்கப் போனதால். இதை உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரி, ஆனா தம்பின்னு கூப்பிட்டதும் ஏன் எரிஞ்சுது?" என்றார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இது விளையாட்டில்லை, வீடே பற்றிக்கொள்ளும். மின்சார அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். அங்கே இருந்தவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "பொது கம்பிம்மா. ரெண்டு வீட்டுக்காரங்களும் சேந்து வந்து சொன்னாத்தான் ஆள் அனுப்புவோம்" என்றார். உன் அண்ணனைத் தூது அனுப்பினேன். "அக்காவே வந்து கூப்பிடட்டும், வர்றேன்" என்று சொல்லி அனுப்பினாள் உன் சின்ன அண்ணி. நான் போவேனா? அதனால் பிளக்கையெல்லாம் பிடுங்கிவிட்டு, கூடத்தில் ஒரே ஒரு பழைய குண்டு பல்போடு காலம் தள்ளினோம். அவளுடைய பிரிட்ஜ் புகைந்து வண்டியில் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன், சந்தோஷப்படவில்லை, சும்மா பார்த்தேன்.

அப்புறம்தான் இது வேறு மாதிரி ஆயிற்று. பேசாத ஒருத்தியின் ஒவ்வொரு அசைவும் என் பல்பில் தெரிய ஆரம்பித்தது. விடிகாலையில் என் கூடத்தில் தானாக வெளிச்சம் வரும், அவள் எழுந்துவிட்டாள். பல்பு வெளுத்தால் குளிக்கிறாள். கொஞ்ச நேரம் மட்டும் வெளிச்சம் கூடினால் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிறது. அவள் குளிக்கும் நேரமாகப் பார்த்து நான் பேப்பர் படித்தேன், எழுத்து அப்போதுதான் தெரியும். சில நாள் விடிந்து வெகுநேரம் ஆகியும் வெளிச்சம் வராது, எனக்கு வேலையே ஓடாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி மூச்சு விடுவதை இந்தப் பக்கம் கண்ணால் பார்ப்பது நல்ல அனுபவம் இல்லை, நாத்தனாரே. தனியாக இருக்கும்போது பல்பைப் பார்க்கவே கூசும். அவளுக்கும் என் நடமாட்டம் அப்படியே தெரியும் என்பது உறைத்ததும் இன்னும் கூசியது.

முந்தாநாள் மழை மூட்டம். காலையில் வழக்கம்போல வெளிச்சம் வந்தது. அப்புறம் அது அசையவே இல்லை. குளிக்கும் நேரம் போயிற்று, பல்பு வெளுக்கவில்லை. கெட்டில் நேரமும் போயிற்று. இத்தனை நாளும் விளக்கு ஆடுகிறதே என்று திட்டித் தீர்த்தவள், அன்று அது ஆடாமல் எரிவதையே பார்த்துக்கொண்டு, அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணன் என்னைப் பார்த்து, "இன்னிக்கு வெளிச்சம் நல்லா நிக்குது, சரியாயிடுச்சுபோல" என்றார். "போட்ட விளக்கப் போட்டபடி விட்டுட்டு அங்க யாரும் எதையும் தொடலைங்க. காலையிலேர்ந்து யாருமே தொடலை" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது, முகம் மாறிவிட்டது.

நீ கேட்பாய், உடனே போய்க் கதவைத் தட்டவேண்டியதுதானே என்று. தட்டி, அவள் சாவகாசமாக வந்து திறந்து, "என்னக்கா, வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டால்? ஊரெல்லாம் சொல்வாளே. அதனால் இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். அதன் தடை குறைவு, அதைப் போட்டால் வோல்டேஜ் எல்லாம் அவள் பக்கம் சாய்ந்து அவள் பல்பு கண்ணைக் குத்தும். நீண்ட நேரம் விட்டால் பல்பே போய்விடும், ஒரு நொடிதான் விடவேண்டும். மூன்று முறை போட்டு அணைத்தேன். காத்திருந்தோம். என் விளக்கு முழுசாக அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது. மூன்று முறை.

எனக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே! "நல்லாத்தான் இருக்கா, கொழுப்பு" என்று இஸ்திரிப் பெட்டியைத் தள்ளிவைத்தேன். ஆனால் விளக்கு நிற்கவில்லை. மறுபடி அணைந்தது, எரிந்தது, அணைந்தது, எரிந்தது. நான் எதுவும் கேட்காமலேயே அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, வேகமாக, பொறுமையில்லாமல். இருட்டும் வெளிச்சமும் மாறிமாறி வந்த அந்தக் கூடத்தில் உன் அண்ணன் எழுந்து நின்று, "பீரோவ நகத்து!" என்று கத்தினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை. இருவரும் சேர்ந்து தள்ளினோம். வெளிவாசலை உடைப்பதைவிட நடுக்கதவை உடைப்பது சுலபம் என்று சுத்தியலோடு நின்றவர், கதவில் கை வைத்தார். அது திறந்துகொண்டது. தாழ்ப்பாளே போட்டிருக்கவில்லை.

உன் சின்ன அண்ணி கூடத்தில் குப்புறக் கிடந்தாள். ஸ்டூல் கவிழ்ந்திருந்தது. பக்கத்தில் நீள ஒட்டடைக் கம்பு கிடந்தது, சுவிட்ச் பலகை தலைக்கு மேலே. நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது, மூச்சு இருந்தது. கம்பின் நுனியால் சுவிட்சைத் தட்டித்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தாங்கியிருக்காது என்றார் டாக்டர். எக்ஸ்ரே எடுக்கிறார்கள், கண் திறந்துவிட்டாள், பயமில்லை என்கிறார்கள். மின்சார அலுவலகத்துக்காரர்களும் விஷயம் கேள்விப்பட்டு, கையெழுத்து எதுவும் கேட்காமல், நேற்றே வந்து நியூட்ரலைச் சேர்த்துவிட்டார்கள்.

எனக்கு ஆறாதது அந்தக் கதவுதான். நான் பீரோவை வைத்து அடைத்துவிட்டு ரோஷத்தோடு இருந்த நாளெல்லாம், அவள் என்றைக்கோ தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, நான் வருவேன் என்று இருந்திருக்கிறாள். அதை நினைத்து நேற்று சமையலறையில் நின்று ஒரு பாட்டம் அழுதேன். நானா என்று நீ ஆச்சரியப்படுவாய், அழுதேன். ஆகவே, பேயும் இல்லை, பிசாசும் இல்லை. மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை, இந்த மூன்றையும் தாண்டி இந்த வீட்டில் எதுவும் நடமாடவில்லை. உன் பெரிய அண்ணன் படுக்கையோடு வந்து நின்றால் இந்தக் கடிதத்தைப் படித்துக்காட்டித் திருப்பி அனுப்பிவை.

உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு, உன் மாமியாருக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே. நீண்ட ஆயுளும் நிலையான வோல்டேஜும் பெற்று எல்லோரும் வாழ்க.

இப்படிக்கு, உன் பெரிய அண்ணி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. எக்ஸ்ரே வந்துவிட்டது. விழும்போது கையை ஊன்றியிருக்கிறாள், இரண்டு மணிக்கட்டும் உடைந்திருக்கிறது. அந்தக் கையால் ஒரு ஸ்பூனைக்கூடத் தூக்கியிருக்க முடியாது என்கிறார் டாக்டர். "பின்ன கம்பால எப்படிம்மா சுவிட்சத் தட்டினே?" என்று கேட்டேன். "எந்தச் சுவிட்சுக்கா? காலையில ஒட்டடை அடிக்க ஏறினேன், விழுந்தேன். அப்புறம் கண்ணத் தொறந்தா உங்க முகம்தான்" என்றாள். சரி, கதவையாவது எனக்காகத் திறந்து வைத்தாயே என்று அவள் தலையைத் தடவினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "தாழ்ப்பாளா? போட்டுத்தான்க்கா இருந்தேன். தினம் இழுத்துப் பாத்துட்டுத்தான் படுப்பேன்" என்றாள். எனக்கு இதில் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. உன் அண்ணன், நான்தான் சொன்னேனே என்று சொல்லிக்காட்டாமல், தம்பி இருக்கிற வீட்டை விட்டு இனி எங்கும் வருவதாக இல்லை என்று மட்டும் உனக்கு எழுதச் சொன்னார். விளக்கு அணைந்து எரிந்ததை நான் அவளுக்குச் சொன்னேன், முதலிலிருந்து, ஒன்று விடாமல். கேட்டுக்கொண்டே இருந்தவள், "அந்தக் கம்பிய சேத்துட்டாங்களாக்கா?" என்றாள். "நேத்தே சேத்துட்டாங்க" என்றேன். கட்டுப் போட்ட இரண்டு கையையும் மார்மேல் வைத்துக்கொண்டு, "ஏன்க்கா சேக்கவிட்டீங்க?" என்று கேட்டு அழுதாள்.