மாமா கனடாவுக்குப் போன கதை

அந்தக் காலத்தில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கனடா நாட்டு கன்சர்வேடிவ் கட்சிக்கு ஒரே ஒரு தொண்டன்தான் இருந்தான். அது நான்தான். கட்சிக்கு இந்த விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் அப்போதே என்னை நீக்கியிருப்பார்கள். என் மாமாவும் ஒழுங்காக வீடு வந்து சேர்ந்திருப்பார்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் எனக்குக் குமாஸ்தா உத்தியோகம். என் தாய்மாமன் கோவிந்தன் அதே துறைமுகத்தில் மூட்டை இறக்கும் கூலியாள். மீனவக் குப்பத்தில் பிறந்தவர், கட்டுமரத்தைப் புயலில் பறிகொடுத்துவிட்டு மூட்டைக்கு வந்தவர். கனடாவிலிருந்து கோதுமைக் கப்பல் வரும்போதெல்லாம், மாலுமிகள் படித்துவிட்டு வீசிய பழைய பத்திரிகைகளைச் சுருட்டி இடுப்பில் செருகி எனக்குக் கொண்டுவருவார். (அவருக்கு எந்த மொழியிலும் ஓர் எழுத்துகூடத் தெரியாது. "படம் நெறைய கீது நைனா, நல்ல பேப்பரு" என்பார்.)

அந்தப் பத்திரிகைகளில் ஆசிரியருக்கு வரும் கடிதங்களைத்தான் நான் விழுந்து விழுந்து படித்தேன். 'ஒரு பழைமைவாதக் குடிமகன்' என்று கையெழுத்திட்டு யாரோ ஒரு மனிதர் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். ஒரே கட்சி இருபது வருஷத்துக்கு மேல் ஆண்டால் நாடாளுமன்றத்தைத் தன் சொந்த வீட்டுக் கூடம் என்று நினைத்துக்கொள்ளும் என்பார். எரிவாயுக் குழாய் பதிக்கும் மசோதாவில் எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ்களைப் பேசவிடாமல் விவாதத்தை மூடியது மகா பாவம் என்பார். ஓட்டில் தோற்கலாம், ஆனால் பேச வந்தவனைப் பேசவிடாமல் அனுப்பக்கூடாது என்பார். எனக்கு அப்படியே மயிர்க்கூச்செறியும். அவருடைய கருத்துக்கள் அத்தனையையும் என் கருத்துக்களாக மாற்றிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

சலூனில் நான் கனடாவின் கதியை நினைத்துக் கொதித்தபோது, சவரம் செய்தவர் கத்தியை நிறுத்திவிட்டு, "நம்ம வார்டு கவுன்சிலர் யாரு, சொல்லு பாக்கலாம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து சலூனில் எனக்குக் கனடா என்று பெயர்.

என் பேச்சை உட்கார்ந்து கேட்டவர் மாமா ஒருவர்தான். வேலை முடிந்து உடம்பெல்லாம் கோதுமைத் தூசியோடு வந்து குந்துவார். "அப்பால இன்னாச்சு நைனா? அந்த எதிர்க்கட்சிக்காரனைப் பேச உட்டானுங்களா, இல்லியா?" என்பார். இல்லை மாமா என்றால், "இன்னா அநியாயம்பா இது" என்று உண்மையாகவே வருத்தப்படுவார். அவரைப்போல என்னை மதித்தவர் யாரும் இல்லை.

அப்படி வந்த ஒரு கோதுமைக் கப்பலில்தான் மாமா செத்துப்போனார். மூட்டைகளைத் தூக்கிய கயிற்றுவலை அறுந்து, கப்பலின் அடித்தளத்தில் நின்றவர் மேல் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து நாங்கள் மயானத்துக்குக் கொண்டுபோனோம்.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் போனவனை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். பெண்டாட்டி செம்பில் தண்ணீரோடு அவன் போன இடத்துக்கு முடிந்தவரை கிட்டே போய், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவன் அந்தத் தண்ணீரில் ஏறிக்கொள்வான். செம்பைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து விளக்கடியில் வைக்க வேண்டும். கூப்பிடாவிட்டால் விழுந்த இடத்திலேயே நின்றுகொண்டிருப்பான், பாவம், வழி தெரியாமல்.

மாமா விழுந்த இடமோ கப்பலின் வயிற்றுக்குள் இருந்தது. கப்பலோ மயானத்துக்குப் போன மறுநாள் மத்தியானம் கிளம்புகிறது.

மாமாவின் பெண்டாட்டி கன்னியம்மா அத்தை அன்று காலையிலேயே செம்போடு துறைமுகத்துக்கு வந்துவிட்டாள். நான் அலைந்து அவளுக்கு கேட் பாஸ் வாங்கினேன். கப்பல் ஏணியில் நின்ற காவலாளி, காப்டன் சொல்லாமல் பெண்பிள்ளையை ஏற்ற முடியாது என்றான். கப்பலுக்குள் நெருப்பு கூடாது என்று மேஸ்திரி சொன்னதும் அத்தை கற்பூரத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"கற்பூரம் வோணாம் நைனா. எறங்கிப் போய் ஒரு வாட்டி கூப்ட்டுக்கினு வந்துட்றேன். நீதான் இங்கிலீசு படிச்சிகீறியே, தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லு."

ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லத்தான் நான் மேலே ஏறினேன். கீழே துறைமுகத்துக் கல் தரையில் வெயில் கொதித்தது. அத்தை செருப்பில்லாமல் நின்றாள்.

காப்டன் நரைத்த தாடிக்காரர். "என்ன விஷயம்?" என்றார். மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்த வாக்கியத்தைத் தொடங்க வாயைத் திறந்தேன். அப்போது அவர் மேஜைமேல் அந்தப் பத்திரிகை விரித்துக் கிடந்தது. மாமா கொண்டுவரும் அதே பத்திரிகை, அதே கடிதப் பக்கம். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"இதில் பழைமைவாதக் குடிமகன் ஏதாவது எழுதியிருக்கிறாரா, ஐயா?"

காப்டன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். மதராஸில் அவரிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. (ஹாலிஃபாக்ஸிலும் கேட்டிருக்க மாட்டார்கள்.) தகப்பனார் காலத்திலிருந்து தங்கள் குடும்பமே கன்சர்வேடிவ் என்றார். என்னை உட்காரச் சொன்னார். தேநீர் வந்தது. பழங்கள் பதித்த கேக் வந்தது. நான் குழாய் மசோதாவைப் பற்றி என் கண்டனத்தைப் பதிவு செய்தேன். அவர் மேஜையைக் குத்தினார். நானும் குத்தினேன். சபாநாயகர் ஆளுங்கட்சியின் கைப்பாவையாகிவிட்டார் என்றார் அவர். வெட்கக்கேடு என்றேன் நான். அரசாங்கத்தின் ஊதாரித்தனம், அமெரிக்கப் பணத்துக்குக் கதவைத் திறந்து விடுவது, மகாராணிக்குக் காட்ட வேண்டிய மரியாதை என்று ஒவ்வொன்றாக எடுத்து அலசினோம். மகாராணி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் இடித்தது, நம் ஊரிலிருந்து அப்போதுதான் வெள்ளைக்காரர்களை அனுப்பி வைத்திருந்தோம். ஆனால் கேக் நன்றாக இருந்ததால் விட்டுக்கொடுத்தேன்.

"உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று ஆச்சரியத்தோடு கேட்டார்.

இதைவிட நல்ல வாய்ப்பை எந்தக் கடவுள் கொடுப்பார்? 'உங்கள் கப்பலில் செத்துப்போன என் மாமா கொண்டுவந்து கொடுத்தார், ஐயா' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? காலரைச் சரிசெய்துகொண்டு, "பாராளுமன்ற முறைகளில் எனக்கு இளவயதிலிருந்தே ஈடுபாடு" என்றேன்.

எவ்வளவு நேரம் பேசினோமோ தெரியாது. பேச வந்தவர்களைப் பேசவிட வேண்டியது ஒரு நாகரிக நாட்டின் முதல் கடமை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது கப்பலின் சங்கு ஊதியது. என் கையிலிருந்த தேநீர் சட்டையில் கொட்டியது. கப்பலை வெளியே கொண்டுபோகும் துறைமுகத்துப் பைலட் உள்ளே வந்து, இழுவைப் படகு கயிறு மாட்டிவிட்டது என்றார்.

"ஐயா, கீழே என் அத்தை..." என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உளறினேன்.

காப்டனின் முகம் மாறியது. அவர் நல்ல மனிதர், அதுதான் கொடுமை. "இதை வந்தவுடனே சொல்லக்கூடாதா? நானே கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போயிருப்பேனே. இப்போது எல்லாம் மூடிக் கட்டியாகிவிட்டது" என்றார். என்னை ஏணி வரை ஓட்டமாகக் கூட்டிவந்து, கீழே நின்ற அத்தையைப் பார்த்துத் தொப்பியை எடுத்தார். என் கால் தரையில் பட்டதும் ஏணியைத் தூக்கிவிட்டார்கள்.

"தொரை இன்னா சொன்னாரு நைனா?" என்றாள் அத்தை. அவள் முகம் வெயிலில் கறுத்துப் போயிருந்தது.

நான் பதில் சொல்வதற்குள் கப்பல் நகர்ந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. செம்பைத் தூக்கிக்கொண்டு கரையோரமாக ஓடினாள். "யோவ்! வாய்யா! வூட்டுக்கு வா! அங்கியே குந்திக்கினு கீறியே, எறங்கி வாய்யா!" என்று கத்தினாள். தண்ணீர் தளும்பித் தளும்பிப் புடவையெல்லாம் நனைந்தது. கரை முடிகிற இடத்தில் நின்றாள். கப்பல் நிற்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் கேட்டாள். "அவ்ளோ நேரமா இன்னா பேசிக்கினு இருந்தே?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "அவுங்க ஊரு பார்லிமெண்டுல எதிர்க்கட்சிய பேசவே உடலியாம், அத்தை" என்றேன்.

அத்தை செம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "அய்ய, பாவம்" என்றாள். அவள் என்னை அறைந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் கனடாவில் தேர்தல் நடந்து என் கட்சி ஜெயித்தது. நம் ஊர்ப் பத்திரிகையின் மூலையில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். பல மாதமாக அந்த நாட்டின் பெயரையே எடுக்காமலிருந்த நான், அத்தையிடம் மட்டும் போய் மெதுவாகச் சொன்னேன். கருவாடு புரட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க மாமாதான் போய் ஓட்டு போட்ருப்பாரு" என்றாள். கணவர் போனபிறகு அன்றுதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள், நானும் அழுதேன்.

அதற்குப்பின் எங்கள் குடும்பத்தில் மாமா செத்தார் என்று யாரும் சொல்வதில்லை. கனடாவில் இருக்கிறார் என்பதுதான் பேச்சு. அத்தை போகிற வரைக்கும் அந்தச் செம்பு விளக்கடியில் காலியாகவே இருந்தது.

எனக்குப் பேச்சு வியாதி மட்டும் போகவில்லை. போன மாதம் பேத்தியின் நிச்சயதார்த்தத்தில் ஆசீர்வாதம் செய்ய எழுந்து, எப்படியோ மாநகராட்சி வரிக்குப் போய்விட்டேன். பின்வரிசையிலிருந்து, அத்தையைப் பார்த்தேயிராத ஒரு வாண்டு கத்தியது.

"தாத்தா, அத்தை வெயில்ல நிக்குது!"

எங்கள் வீட்டில் யார் பேச்சு நீண்டாலும் இதைச் சொல்லித்தான் உட்கார வைப்பார்கள். கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தபடி உட்கார்ந்தேன். உட்காரும்போது, ஒவ்வொரு தடவையும் பார்ப்பதுபோல, வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.