மாப்பிள்ளை வீட்டுக் கமராக்காரன்

கையில் கமரா கிடைத்த அன்றே தன்னைக் கலைஞன் என்று நம்பிவிடும் கூட்டத்தில் நானும் ஒருவன். எண்பதுகளின் கடைசி. ஐம்பதுகளின் லண்டன் தெருக்களைக் காட்டும் ஒரு படப்புத்தகத்தை நூலகத்தில் பார்த்தேன். படமெடுப்பதே தெரியாமல் நடந்துபோகும் முன்பின் அறியாத மனிதர்கள். எல்லா முகத்திலும் ஓர் ஆழ்ந்த சோகம். (மழைதான் காரணம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.)

அந்தச் சனிக்கிழமையே ஒரு பழைய கமராவைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு, லண்டனில் நம்மவர்கள் நிறைந்த ஈஸ்ட் ஹாமில் இறங்கினேன்.

பஸ் தரிப்பில் ஒரு பெரியவர். குரங்குத் தொப்பி, கையில் முருங்கைக்காய்க் கட்டு, உலகத்தின் மேலேயே கோபம். கலைக்கு வேறென்ன வேண்டும்? கோட்டின் பொத்தான் இடைவெளியால் கமராவை அமுக்கினேன். பூட்டு உடைக்கிற மாதிரிச் சத்தம்! வரிசையே திரும்பிப் பார்த்தது.

"தம்பி, இஞ்ச வாரும்!"

அப்போதுதான் பெரியவருக்குப் பக்கத்தில் நின்ற அவருடைய மகளைக் கவனித்தேன்.

"என்ர மகளைத்தானே படமெடுத்தனீர்? மாப்பிள்ளை வீட்டார் அனுப்பினவையோ?"

முருங்கைக்காய் ஓங்கியிருந்தது. "ஓம் ஐயா" என்றேன்.

முருங்கைக்காய் இறங்கியது. "அதை முதலே சொல்லியிருக்கலாமே! மாப்பிள்ளை ஆர்?"

அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்த ஒரே ஆண்மகன் என் அறைத்தோழன். "ரகு."

"என்ன வேலை?"

"பெற்றோல்..." (ஷெட்டில் கல்லாவில் நிற்கிறான் என்று முடிக்க விடவில்லை.)

"பெற்றோலிய இஞ்சினியரோ! பிள்ளை, முகத்தைத் துடை. தம்பி, இன்னொருக்கா வடிவா எடும்!"

எடுத்தேன். குறி தவறியதில் பின்னால் வந்த பஸ் மட்டும் தெளிவாக விழுந்தது. பெரியவர் ரகுவின் விலாசத்தையும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை பலகாரத் தட்டோடும் மகளோடும் வந்து நின்றார். நைட் ஷிப்ட் முடித்து வந்த ரகு, பெற்றோல் மணக்க, இடுப்பில் கட்டிய சாரத்தோடு கதவைத் திறந்தான். நான் குளியலறைக்குள் புகுந்து பூட்டிக்கொண்டேன்.

"இஞ்சினியரோ? நான் பெற்றோல் ஷெட்டில கல்லாவில நிக்கிறன் ஐயா" என்று ரகு சொல்வது கேட்டது. பிறகு பெரியவரின் இடிமுழக்கம். அதற்கு நடுவில் மகளின் சிரிப்பு.

"அப்பா, இதுவரைக்கும் வந்த மாப்பிள்ளைமாரில உண்மை சொன்னது இவர் ஒருத்தர்தான்."

பெரியவர் இறங்கிவர மாதக்கணக்கானது. ஆனால் கலியாணம் நடந்தது. படமெடுக்க வேறு ஆளைப் பிடித்தார்கள்.

அவர்களுடைய பிள்ளைகளுக்கு நான் இன்றுவரை 'தரகர் மாமா'தான். போன மாதம் அதை நம்பிய ஒரு அம்மா, தன் மகனின் சாதகத்தை என் கையில் திணித்துவிட்டுப் போயிருக்கிறார். நல்ல பையனாகத்தான் தெரிகிறான்.