ஜின் விஷயமாகச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

ஆலன், டெக்சஸ்
ஞாயிறு மதியம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, மாப்பிள்ளையின் தகப்பன் மணியன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் சாந்தாமணியும் நலம். மகன் வீட்டுக் கூரையும் நலம், அடுப்புக்கு மேலே மட்டும் கொஞ்சம் கருத்திருக்கிறது. அங்கு தாங்களும் தங்கையாரும் நலமா என்று கேட்கத்தான் நேற்றிலிருந்து போன் செய்கிறேன், தாங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீலக்கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. ஆகவே காகிதத்தில் எழுதி, மகன் ஜெயபிரகாஷை விட்டுப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லப்போகிறேன்.

சுகர் லேண்டில் இருக்கும் தங்கள் மைத்துனர் சபரி தங்களுக்குப் போன் போட்டு, "மாப்பிள்ளை வீட்டில் சாராயம் காய்ச்சுகிறார்கள்" என்று சொன்னதாகவும், தைமாதக் கல்யாணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று தாங்கள் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். நான் பத்திரப் பதிவு ஆபீசில் காலம் தள்ளியவன். ஒரு சொல்லை எங்கே போடுவது என்று தெரிந்தவன். காய்ச்சுவது வேறு, ஊறவைப்பது வேறு. என் மகன் ஊறவைத்தான், அவ்வளவுதான். மாங்காயை ஊறவைப்பவரை யாரும் குடிகாரர் என்பதில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு சொட்டை நாக்கில் வைத்தவர் கிடையாது, நான் உட்பட. (தீயணைப்புக்காரர்களிடம் கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. சாந்தாமணி பிளாஸ்க்கில் இஞ்சி மிளகுக் கஷாயம் வைத்திருக்கிறாள். ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டு தொடர்கிறேன்.)

நடந்தது இதுதான். போன வாரம் தங்கள் மகள் யாமினி இர்விங்கிலிருந்து எங்களைப் பார்க்க வந்தாள். தங்கமான பெண். ஒரு பெரிய பையைக் கொண்டுவந்து, "சமையல் சாமான் அத்தை" என்று வைத்துவிட்டுப் போனாள். மறுநாளே ஜெயபிரகாஷ் அலமாரியில் ஒரு கண்ணாடி ஜாடியை வைத்தான். உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ, அதில் கொத்தமல்லி விதை, ஏலக்காய், பட்டை, ஆரஞ்சுத் தோல், அப்புறம் மணத்தக்காளி வற்றல் மாதிரி கருப்பாக ஏதோ மிதந்தது. அந்தத் தண்ணீர் கடையில் வாங்கிய ஓட்கா என்பதும், வற்றல் ஜூனிபர் என்கிற மரத்துக் காய் என்பதும், இதையெல்லாம் சேர்த்து ஊறவைத்தால் ஜின் ஆகும் என்பதும் பிற்பாடு தெரிந்த விவரங்கள். சாந்தாமணி மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "ஏனுங்க, பையனுக்குச் சளி புடிச்சிருக்குதுங்க, நம்மகிட்டச் சொல்லாம மருந்து போட்டு வெச்சிருக்கான்" என்றாள். "ஆஸ்பத்திரி வாசம் வருதே" என்றேன். "மருந்துன்னா ஆஸ்பத்திரி வாசந்தான் வரும்" என்றாள். முப்பது வருஷ தாம்பத்யத்தில் இதற்கு மேல் நான் கேட்பதில்லை.

நேற்று சபரியும் அவர் மனைவி அஞ்சனாவும் வீடு பார்க்க வருகிறார்கள் என்று இவள் காலையிலேயே சமையலில் இறங்கிவிட்டாள். பையில் மிச்சமிருந்த வற்றலை நல்லெண்ணெயில் வறுத்து வத்தக்குழம்பு வைத்தாள். பிறகு ஜாடியைப் பார்த்து, "பச்சையா ஊறப்போட்டா சாரம் எப்படி எறங்கும், கொதிச்சாத்தானே கஷாயம்" என்று பாதியைச் சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். (கஷாயம் இன்னும் ஒரு டம்ளர். இஞ்சி நன்றாகவே ஏறுகிறது.) கொஞ்ச நேரத்தில் சட்டிக்கு மேலே நீலமா ஒரு ஜுவாலை, கோயில் கற்பூரமெல்லாம் ஒண்ணுமே இல்லைங்க சம்பந்தி. நான் ஈரத்துண்டைப் போட்டுச் சட்டியை மூடினேன். கூரையில இருக்கற அலாரம் கத்த ஆரம்பிச்சது, எதுத்த வீட்டம்மா போன் பண்ணிட்டாங்க. உங்க மைத்துனர் காரும் தீயணைப்பு வண்டியும் ஒண்ணாவே வந்து நின்னுச்சு. எது சம்பந்தி வீட்டு வண்டின்னு தெரியாம ரெண்டுக்கும் கும்பிடு போட்டேன்.

ஆறடியில ஒரு ஆபீசர் சட்டியை மோந்துட்டு, "சார், இஸ் திஸ் ஜின்?" அப்படின்னார். நான், "நோ சார், காஃப், ஒன்லி காஃப்" அப்படின்னு இருமியும் காமிச்சேன். அவர் நம்பிட்டாருங்க, சத்தியமா நம்பிட்டார். அந்த நேரம் பாத்துக் கடைக்குப் போயிருந்த ஜெயபிரகாஷ் உள்ள வந்தான். "அம்மா, என்னோட ஜின்னை ஏன்மா அடுப்புல வெச்சீங்க" அப்படின்னு கேட்டானுங்க, சபரி பக்கத்துல நிக்கறப்பவே. எனக்குப் பையனோட கிரீன்கார்டு, கல்யாணம், மண்டபத்து அட்வான்ஸ், எல்லாம் சேந்து கண்ணுல சுத்துச்சு. இந்த ஊர்ல வீட்டுல காய்ச்சறதுதான் சட்டப்படி தப்பாம், ஊறவெச்சாத் தப்பில்லையாம், பையன் படிச்சுப் படிச்சுச் சொன்னான். அப்படிப் பாத்தா எங்க வீட்டுல சாராயம் காய்ச்சுனது சாந்தாமணி ஒருத்திதான். அவளோ வெள்ளிக்கிழமை விரதம் இருக்கறவளுங்க.

அதுக்கப்புறமும் சபரி உக்காந்து சாப்பிட்டாருங்க. வத்தக்குழம்பு கிறிஸ்மஸ் மரத்தைக் கரைச்சு ஊத்துன மாதிரி இருந்துச்சு. ரெண்டு தடவை வாங்கி ஊத்திக்கிட்டு, "அக்கா, இது எந்த ஊர் வத்தல்" அப்படின்னு கேட்டுட்டுத்தான் போனார். போற வழியில ஃப்ரீவேலருந்தே உங்களுக்குப் போன் போட்டிருக்கார். சாப்பிட்ட வாயிங்க அது. இருக்கட்டும், எனக்கு அவர் மேல கோபமே இல்லைங்க. இப்ப யார் மேலயும் கோபம் இல்லை. சம்பந்தி, உங்களை எனக்கு ரொம்பப் புடிக்குமுங்க, நிச்சயத்தன்னிக்கே சொல்லோணும்னு இருந்தேன், கூச்சமா இருந்துச்சு. பையனுக்கு யாமினின்னா உசுரு. நேத்து ராத்திரி அவன் சோறு திங்கல. அவனைக் குடிகாரன்னு நெனச்சு மட்டும் இந்தக் கல்யாணத்தை நிறுத்தீராதீங்க, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்.

தங்கையாருக்கு என் வணக்கம். யாமினிக்கு எங்கள் ஆசி. சபரிக்கும் ஆசி, போனால் போகிறது.

இப்படிக்கு,
ஒரு சொட்டும் அறியாத,
மணியன்

பின்குறிப்பு: சாந்தாமணி இப்போதுதான் வந்து பிளாஸ்க்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு அலறினாள். தீயணைப்பு வண்டியைக் கண்டதும் ஜாடியில் மிச்சமிருந்த பாதியை அதில் ஊற்றி ஒளித்து வைத்தாளாம், சொல்ல மறந்துவிட்டாளாம். இஞ்சிக் கஷாயம் இன்னும் அடுப்பு மேலேயே இருக்கிறது. மேலே எழுதியதில் சிலவற்றை அடிக்கலாம் என்று பார்த்தேன், பேனா நேராகப் போகமாட்டேன் என்கிறது. போட்டோ எடுக்க வந்த ஜெயபிரகாஷ் முழுக்கப் படித்துவிட்டு, "அப்பா, யாமினி பேரு வெளிய வரக்கூடாதுன்னுதான் கம்முனு இருந்தேன். எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா, அவதான் எனக்குச் சொல்லிக்குடுத்தா" என்கிறான். ஜாடி, வற்றல், செய்முறை எல்லாமே தங்கள் மகளுடையதாம். இர்விங்கில் அவள் அலமாரி நிறைய ஜாடியாம். கல்யாணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றீர்கள் அல்லவா, நாங்களும் யோசித்துவிட்டோம். தையெல்லாம் ரொம்ப தூரமுங்க சம்பந்தி, ஆவணியிலேயே வெச்சுக்கலாம். ஏலக்காயை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க.